கூரை போடுபவருக்கு உரிமம்: எண்ணூறு ஆண்டு வரலாறு

வீட்டுக் கூரை போடும் ஒப்பந்தக்காரர் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடப்பில் உள்ளது. ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் அனுபவச் சான்று காட்டி, தேர்வு எழுதித் தேறி, காப்பீடு எடுத்த பிறகே ஒருவர் பிறர் வீட்டுக் கூரைக்கு ஒப்பந்தம் பேச முடியும். டெக்சாஸில் இத்தகைய மாநில உரிமம் கிடையாது. இங்கிலாந்திலும் கிடையாது. ஜெர்மனியிலோ, கூரைத் தொழில் நடத்த மாஸ்டர் பட்டம் (முதுநிலைக் கைவினைஞர் தகுதி) கட்டாயம். ஒரே தொழிலுக்கு நாட்டுக்கு நாடு விதி இப்படி மாறுபடுவதற்குக் காரணம் அந்தந்த இடத்தில் வந்துபோன தீ, புயல், வேலையாள் பஞ்சம் ஆகியவற்றில் இருக்கிறது.

கூரை வேலைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வேலை முடிந்த அன்றே அதன் குறைகள் மூடப்பட்டுவிடும். கைமரத்தில் ஏறாமல் பக்கத்தில் இறங்கிய ஆணி பலகைக்கு அடியில் மறைந்துவிடும். பலகைமேல் விரித்த தாளை ஓடு மறைத்துவிடும். வீட்டுக்காரர் ஏறிப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தெரியாது. குறை வெளிப்படுவது பெருங்காற்று அடிக்கும் நாளில்தான். அதற்குள் பத்து இருபது ஆண்டுகள் ஓடியிருக்கும், போட்டவர் எங்கே என்றே தெரியாமல் போயிருக்கும். பணம் கொடுப்பவரால் மதிப்பிட முடியாத வேலையை யார் செய்யலாம் என்று முன்கூட்டியே வரையறுக்கும் எண்ணம் இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தது.

லண்டன்: தீயும் காற்றும்

தொடக்கத்தில் சட்டம் ஆளைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்தது. 1212ஆம் ஆண்டு ஜூலை மாதம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சதர்க்கில் எழுந்த தீ லண்டன் பாலத்தைத் தாண்டி நகருக்குள் பரவியது. அதே மாதத்தில், மேயர் ஹென்றி ஃபிட்ஸ்எய்ல்வின் காலத்து நகர மன்றம் கட்டடக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. இனி வைக்கோல், நாணல், கோரை கொண்டு கூரை வேயக் கூடாது. ஓடு, மரச்சில்லு, பலகை, ஈயத்தகடு போன்றவையே போட வேண்டும். இருக்கிற வைக்கோல் கூரைகளின்மேல் சாந்து பூச வேண்டும் என்றது கட்டளை. இதனால் லண்டனில் ஓடு வேய்பவர்களுக்கு நிலையான வேலையும் தனி மதிப்பும் வந்தன.

அந்த மதிப்பை எல்லை மீறிப் பயன்படுத்த வாய்ப்பளித்தது 1362ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று அடித்த பெருங்காற்று. தென் இங்கிலாந்து முழுவதும் கூரைகள் பிய்ந்துபோயின. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் கறுப்புச் சாவு என்னும் கொள்ளைநோய் வேலையாட்களைப் பெருமளவில் கொண்டுபோயிருந்தது. ஓட்டுக்கும் ஓடு வேய்பவருக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி ஏற்பட்டது. மூன்றாம் எட்வர்டின் அரசு உடனே தலையிட்டது: காற்றுக்கு முன் என்ன விலைக்கு ஓடு விற்றதோ அதே விலைக்கு விற்க வேண்டும், முன் வாங்கிய கூலியையே வேய்பவர்கள் வாங்க வேண்டும். பேரிடருக்குப் பின் கூரைத் தொழிலில் நடக்கும் விலையேற்றத்தைச் சட்டத்தால் தடுக்கும் முயற்சி அவ்வளவு பழையது.

அடுத்த நூற்றாண்டில் தரம் பற்றிய விதிகள் நுணுக்கமாயின. 1477ஆம் ஆண்டுச் சட்டம் தட்டை ஓட்டின் நீளம் பத்தரை அங்குலம், அகலம் ஆறேகால் அங்குலம், தடிப்பு குறைந்தது 5/8 அங்குலம் என்று வகுத்தது. நவம்பர் முதல் தேதிக்குள் களிமண் தோண்டிவிட வேண்டும். பிப்ரவரி முதல் தேதிக்குள் அதைக் கிளறிப் புரட்ட வேண்டும். மார்ச் முதல் தேதிக்கு முன் ஓடு செய்யக் கூடாது. குளிர்காலப் பனியில் ஊறிப் பதமான மண்ணே வெடிக்காத ஓடாகும் என்ற சூளைக்காரர் அனுபவம் இப்படிச் சட்டமானது. மீறியவருக்கு அபராதமும், சூளைகளைச் சோதிக்க ஆட்களும் உண்டு. பிரிட்டனில் இன்றும் தட்டை ஓட்டின் வழக்கமான அளவு ஏறத்தாழ இதுவே.

பொருளிலிருந்து சட்டத்தின் பார்வை ஆளின் பக்கம் திரும்பியது பதினாறாம் நூற்றாண்டில். 1563ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு கைத்தொழிலைச் செய்ய ஏழாண்டுப் பயிற்சி வேண்டும் என்பதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. 1568இல் முதலாம் எலிசபெத் அரசி ஓடு வேய்வோர், செங்கல் கொத்தர் கழகத்துக்கு அரச சாசனம் வழங்கினார். லண்டனில் அந்தத் தொழில்களைச் செய்வோர் கழகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தனர். வேலை நடக்கும் இடத்துக்குச் சென்று சோதிக்கவும், மோசமான வேலைக்கு அபராதம் போடவும் கழகத்துக்கு அதிகாரம் இருந்தது. பயிற்சிக் காலம், உறுப்பினர் தகுதி, வேலைச் சோதனை, தண்டனை என்ற நான்கும் அன்றே அமைந்துவிட்டன. இன்றைய உரிம முறையிலும் இந்த நான்கே உள்ளன.

கட்டு தளர்ந்த காலம்

அந்தக் கட்டமைப்பின் பலவீனத்தையும் லண்டனே காட்டியது. 1666 செப்டம்பர் 2 அன்று தொடங்கிய பெருந்தீ சுமார் 13,200 வீடுகளை எரித்தது. அவ்வளவு வீடுகளைத் திரும்பக் கட்டக் கழக உறுப்பினர்கள் போதவில்லை. 1667ஆம் ஆண்டு மறுகட்டுமானச் சட்டம் வெளியூர்த் தச்சர், கொத்தர், கல்தச்சர் முதலியோர் ஏழாண்டுகள் லண்டனில் தடையின்றி வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்தது. ஏழாண்டு வேலை செய்தவர்கள் ஆயுள் முழுவதும் அந்த உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பேரிடர் வரும்போது திறமையான ஆட்களின் தேவை உச்சத்துக்குப் போகிறது. அதே நேரத்தில் ஆட்களை வடிகட்டும் விதியைத் தளர்த்த வேண்டிய நெருக்கடியும் வருகிறது. கூரை உரிமத்தின் வரலாறு முழுவதும் இந்த முரண் தொடர்கிறது.

திறந்த கதவைப் பழையபடி மூட முடியவில்லை. 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் நீண்ட பயிற்சிக் கட்டாயத்தைக் கடுமையாகச் சாடினார். ஒருவனுடைய உழைப்பே அவனது முதல் சொத்து என்பதும், பயிற்சி விதிகள் கூலியையும் விலையையும் உயர்த்தப் பயன்படுகின்றனவே தவிர மோசமான வேலையைத் தடுக்கவில்லை என்பதும் அவர் வாதம். 1814இல் நாடாளுமன்றம் 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயிற்சிப் பிரிவுகளை நீக்கியது. அன்று முதல் இங்கிலாந்தில் கூரைத் தொழில் யாரும் செய்யக்கூடிய தொழிலாகிவிட்டது. தேசியக் கூரை ஒப்பந்தக்காரர் கூட்டமைப்பு போன்றவை தம் உறுப்பினர்களைத் தரம் பார்த்தே சேர்க்கின்றன. ஆனால் உறுப்பினராவது அவரவர் விருப்பம்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. பிரஷ்யா 1810இல் தொழில் சுதந்திரத்தை அறிவித்துக் கில்டுகள் என்னும் தொழிற்கழகங்களின் ஏகபோகத்தை உடைத்தது. 1869ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் கைவினைஞர் அமைப்புகள் விடாமல் போராடின. 1908இல் பயிலுநர்களுக்குக் கற்பிக்க மாஸ்டர் தகுதி வேண்டும் என்ற விதியும், 1935இல் கைத்தொழில் நடத்தவே மாஸ்டர் தகுதி வேண்டும் என்ற விதியும் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இராணுவ நிர்வாகம் தன் பகுதியில் 1949 ஜனவரி முதல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மேற்கு ஜெர்மனி 1953 செப்டம்பரில் இயற்றிய கைவினைச் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 1961இல் அரசமைப்பு நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 2004இல் பல தொழில்களுக்கு மாஸ்டர் கட்டாயம் நீக்கப்பட்டபோதும், உயிருக்கு ஆபத்து உள்ள தொழில் என்ற முறையில் கூரைத் தொழில் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை.

அமெரிக்கா: கலிஃபோர்னியா காட்டிய வழி

அமெரிக்காவில் கில்டு மரபு வேரூன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கூரை போடுவது தச்சர் வேலையோடு சேர்ந்தே இருந்தது. காடுகள் அருகில் இருந்ததால் மரச்சில்லுக் கூரையே மலிவு. அதன் ஆபத்து 1871 சிகாகோ தீயிலும், 1923 செப்டம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ அறுநூறு வீடுகளை எரித்த தீயிலும் தெரிந்தது. இதற்கிடையே மாற்றுப் பொருள் ஒன்று சந்தைக்கு வந்திருந்தது. மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸ் நகரைச் சேர்ந்த ஹென்றி ரெனால்ட்ஸ், தார் பூசிய சுருளைச் சிறு வில்லைகளாக வெட்டி ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள் என்ற பொருளை உருவாக்கினார். அது 1903 வாக்கில். மலிவானது, எடை குறைந்தது, மரத்தைப் போல எளிதில் தீப்பிடிக்காதது. ஆணியடிக்கத் தெரிந்த எவரும் போட்டுவிடலாம். இந்த எளிமை கூரையைத் தனி வணிகமாக்கியது. அரைகுறை அறிவோடு தொழிலில் இறங்குவோருக்கும் வழி திறந்தது.

மாநில அரசு ஒரு தொழிலுக்குத் தேர்வு வைக்கலாமா என்ற அரசமைப்புக் கேள்விக்கு 1889இலேயே பதில் கிடைத்திருந்தது. டெண்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில், மருத்துவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்களைத் திறமையின்மையிலிருந்தும் மோசடியிலிருந்தும் காக்க மாநிலம் தகுதி விதிக்கலாம் என்பது தீர்ப்பின் அடிப்படை. மருத்துவரில் தொடங்கியது படிப்படியாகக் கட்டுமானத் தொழில்களையும் எட்டியது.

1920களில் கலிஃபோர்னியாவுக்கு மக்கள் அலையலையாக வந்து குடியேறினர். வீடு கட்டும் வேலை பெருகியது. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவோரும் பாதியில் விட்டுப்போவோரும் பெருகினர். 1929இல் மாநிலம் ஒப்பந்தக்காரர் உரிமத்துக்கென ஓர் அலுவலகத்தை அமைத்தது. இன்றைய ஒப்பந்தக்காரர் மாநில உரிம வாரியத்தின் தொடக்கம் அது. தொடக்கத்தில் உரிமம் பெறத் தேர்வு எதுவும் இல்லை. 1938இல்தான் அவரவர் தொழிலில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பது சட்டமானது. 1940களில் அனுபவ அளவுகோலை வகுக்கும் அதிகாரமும் வாரியத்துக்குக் கிடைத்தது. கூரைத் தொழிலுக்கு சி-39 என்ற தனி வகுப்பு உண்டு. விண்ணப்பிப்பவர் கடந்த பத்தாண்டுகளில் நான்காண்டுகளாவது தேர்ந்த தொழிலாளியாகவோ அதற்கு மேல்நிலையிலோ அந்த வேலை செய்திருக்க வேண்டும்.

ஃபுளோரிடா: புயலின் வழியில் எழுந்த வீடுகள்

ஃபுளோரிடாவின் கதையில் காற்றே முக்கியப் பாத்திரம். 1920களின் நிலவணிகக் காய்ச்சலில் மயாமி அவசர அவசரமாக வளர்ந்தது. 1926 செப்டம்பர் 18 அன்று அடித்த சூறாவளி முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, அந்த வளர்ச்சியையும் முடித்துவைத்தது. அந்த அழிவு கற்பித்த பாடங்களிலிருந்து உள்ளூர்க் கட்டட விதிகள் வளர்ந்தன. 1957இல் மயாமி அடங்கிய டேட் கவுண்டி (மாவட்டம்) தென் ஃபுளோரிடா கட்டட விதிகளை ஏற்றது. காற்றைத் தாங்குவதில் நாட்டிலேயே கடுமையான விதிகளுள் ஒன்று என்று அது பெயரெடுத்தது. ஒப்பந்தக்காரர் உரிமமும் முதலில் உள்ளூர் விஷயமாக இருந்து, பின்னர் கட்டுமானத் தொழில் உரிம வாரியத்தின்கீழ் மாநில அளவுக்கு வந்தது. அங்கே உரிமத்தில் இரண்டு வகை உண்டு. மாநிலத் தேர்வில் தேறியவர் ஃபுளோரிடா முழுவதும் வேலை செய்யலாம். உள்ளூர்த் தேர்வில் தேறி மாநிலத்தில் பதிவு மட்டும் செய்தவர் அந்த ஊர் எல்லைக்குள் செய்யலாம்.

1965இல் பெட்சி சூறாவளி வந்துபோன பின், ஏறத்தாழ 27 ஆண்டுகள் மயாமி வட்டாரத்தைப் பெருஞ்சூறாவளி எதுவும் நேராகத் தாக்கவில்லை. 1960இல் 9 லட்சத்து 35 ஆயிரமாக இருந்த டேட் கவுண்டியின் மக்கள்தொகை 1990இல் 19 லட்சத்து 37 ஆயிரமாகிவிட்டது. தெற்கே வயல்வெளிகளில் வரிசை வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. விரைவும் மலிவும் முதன்மை பெற்றன. கூரைப் பலகையை ஆணியால் அடிப்பதற்குப் பதில் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஸ்டேப்பிள் அடிக்க விதிகள் இடம் கொடுத்தன. ஒட்டுப்பலகைக்குப் பதில் அழுத்திய மரத்துண்டுப் பலகையும் பயன்பாட்டுக்கு வந்தது. உரிமம் இருந்தது, விதிப்புத்தகம் இருந்தது, ஆய்வாளர்களும் இருந்தார்கள். அத்தனையும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று சோதிக்கும் காற்று மட்டும் வரவில்லை.

1992: ஆண்ட்ரூ

1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஆண்ட்ரூ சூறாவளி ஹோம்ஸ்டெட் நகருக்கு அருகே கரை கடந்தது. அன்று நான்காம் வகையாகக் கணிக்கப்பட்ட அது, 2002இல் மறு ஆய்வுக்குப் பின் உச்சமான ஐந்தாம் வகையில் சேர்க்கப்பட்டது. டேட் கவுண்டியில் 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. மொத்த இழப்பு 2,600 கோடி டாலரைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் 11 திவாலாயின.

இடிபாடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள் கண்ட பொதுக்காரணம் கூரை. அழிவு பெரும்பாலும் ஒரே வரிசையில் நடந்திருந்தது. முதலில் ஓடுகளும் ஷிங்கிள்களும் பறந்தன. அடுத்துக் கைமரத்தில் பதியாமல் பக்கத்தில் இறங்கியிருந்த ஸ்டேப்பிள்கள் பிடியிழந்து பலகைகள் கழன்றன. தாங்குகட்டை இல்லாத முக்கோண முகப்புச் சுவர்கள் சரிந்தன. திறந்த கூரை வழியே கொட்டிய மழை, சுவர் நின்ற வீடுகளையும் குடியிருக்க முடியாதபடி செய்தது. பழைய வீடுகளைவிடப் புதிய வீடுகள் மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தன. 'மயாமி ஹெரால்ட்' நாளிதழ் சேதக் கணக்கையும் கட்டட ஆண்டையும் ஒப்பிட்டு இதை வெளிப்படுத்தியது. கட்டட விதிகளும் ஆய்வும் தளர்ந்ததே அழிவைப் பெருக்கியது என்று காட்டிய அந்தப் பணிக்காக 1993இல் அதற்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஆண்ட்ரூ உரிம முறையின் இருபுறக் குறையையும் வெளிக்கொண்டு வந்தது. புயலுக்கு முன் போடப்பட்ட கூரைகளில் பெரும்பங்கு உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயரில் போடப்பட்டவை. உரிமக்காரர் ஒருவர், கூரைமேல் நின்றவர்கள் துணை ஒப்பந்தத்தில், வேலை அளவுக்குக் கூலி வாங்கியவர்கள், கீழிருந்து அண்ணாந்து பார்த்துக் கையெழுத்திட்டவர் ஆய்வாளர். புயலுக்குப் பின் நிலைமை வேறுவிதமாகக் கெட்டது. நாடெங்கிலுமிருந்து உரிமமற்றோர் லாரிகளில் வந்து இறங்கினார்கள். காப்பீட்டுப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு பலர் காணாமல் போனார்கள்.

திருத்தம் மூன்று வகையில் வந்தது. முதலாவது, விதிகள். 1994இல் தென் ஃபுளோரிடா கட்டட விதிகள் திருத்தி எழுதப்பட்டன. கூரைப் பலகைக்கு ஸ்டேப்பிள் விலக்கப்பட்டது. ஆணியின் அளவும் இடைவெளியும் வரையறுக்கப்பட்டன. கூரைப்பொருள்கள் சோதனையில் தேறி ஒப்புதல் பெற்ற பிறகே விற்கப்படலாம் என்றாயிற்று. 1998இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்ற சட்டம் நிறைவேறி, 2002 மார்ச் 1 முதல் ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மயாமி-டேட், புரோவர்ட் கவுண்டிகள் அதில் அதிவேகச் சூறாவளி மண்டலமாகக் குறிக்கப்பட்டன. இரண்டாவது, ஆய்வு. பலகை அடித்ததும் மூடுவதற்கு முன் ஒருமுறை, இடைப்பட்ட நிலையில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை என்று கட்டம் கட்டமாகப் பார்க்கும் நடைமுறை இறுகியது. மூன்றாவது, உரிமமில்லாமல் வேலை செய்வதற்கான தண்டனை.

2004 ஆகஸ்டில் சார்லி சூறாவளி சார்லட் கவுண்டியைத் தாக்கியபோது இந்தத் திருத்தங்களின் பலன் தெரிந்தது. 1996க்குப் பின் புதிய விதிகளின்படி கட்டப்பட்ட வீடுகளில் காப்பீட்டுக் கோரிக்கைகள் பழைய வீடுகளைவிட 60 விழுக்காடு குறைவு. கோரிய வீடுகளிலும் சேதத்தின் அளவு 42 விழுக்காடு குறைவு.

இன்றைய நிபந்தனைகள்

ஃபுளோரிடா சட்டத்தொகுப்பின் 489ஆம் அத்தியாயம் கூரை ஒப்பந்தக்காரருக்கான தகுதியை வகுக்கிறது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும், குற்றப் பின்னணி சோதிக்கப்படும். நான்காண்டு அனுபவம், அதில் ஓராண்டு மேஸ்திரி நிலையில், அல்லது கல்லூரிப் படிப்பும் அனுபவமும் சேர்ந்த கணக்கு. தேர்வு இரண்டு தாள்: ஒன்று தொழிலறிவு, மற்றொன்று வணிகமும் நிதியும். இரண்டாம் தாள் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. வேலை பாதியில் நின்றுபோன வழக்குகளில் பல, தொழில் தெரியாததால் வந்தவை அல்ல. ஒரு வீட்டு முன்பணத்தை இன்னொரு வீட்டில் செலவழித்த கணக்குக் குழப்பத்தால் வந்தவை. கடன் அறிக்கை கேட்கப்படுவதும் இதற்காகவே. கடன் மதிப்பெண் குறைந்தால் பிணைப் பத்திரம் கட்ட வேண்டும். பிறருக்கு ஏற்படும் உடற்சேதத்துக்கு ஒரு லட்சம் டாலர், சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர் அளவுக்குப் பொறுப்புக் காப்பீடும், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது 14 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும்.

உரிமம் நிறுவனத்துக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. தேர்வில் தேறிய ஒரு மனிதர் அந்த நிறுவனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். வேலையின் தரத்துக்கும் மேற்பார்வைக்கும் அவரே சட்டப்படி பதில் சொல்ல வேண்டும். உரிமத்தை வாடகைக்கு விட்டு, வேலை பக்கமே வராமல் மாதப்பணம் வாங்குவது குற்றம். இது நெடுங்காலமாகத் தொடரும் முறைகேடு. லண்டன் கழகங்களும் பெயர் ஒருவருடையதாக, வேலை மற்றவருடையதாக நடந்த ஏமாற்றுகளோடு மல்லாடியவைதாம்.

பொது ஒப்பந்தக்காரர் உரிமம் வைத்திருப்பவர்கூட ஃபுளோரிடாவில் கூரை வேலையைத் தாமே செய்துவிட முடியாது. கூரை உரிமக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். தாம் கட்டும் புதிய கட்டடத்தில் ஷிங்கிள் போடுவது மட்டும் விலக்கு. வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டின் ஷிங்கிள் கூரையைத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கட்டட அனுமதி பெற வேண்டும், பொறுப்பை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும்.

உரிமமின்றி ஒப்பந்தம் செய்தால் முதல் முறை ஓராண்டு வரை சிறையும் ஆயிரம் டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். மறுமுறை செய்தால் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய கடுங்குற்றம். ஆளுநர் அவசரநிலை அறிவித்திருக்கும் காலத்தில் முதல் முறையே கடுங்குற்றமாகும். உரிமமில்லாதவர் செய்த ஒப்பந்தத்தை அவர் நீதிமன்றத்தில் காட்டிப் பணம் கேட்கவும் முடியாது.

கலிஃபோர்னியாவில் வேறொரு குறை திருத்தப்பட்டது. கூரையிலிருந்து விழுந்து இறப்போர் எண்ணிக்கையால் அமெரிக்காவின் மிக ஆபத்தான தொழில்களின் பட்டியலில் கூரைத் தொழில் ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. இழப்பீட்டுக் காப்பீட்டின் கட்டணமும் அதற்கேற்ப மிக அதிகம். அதைத் தவிர்க்க, தம்மிடம் தொழிலாளிகளே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆட்களை வைத்து வேலை வாங்கினார்கள் சிலர். தொழிலாளி விழுந்தால் மருத்துவச் செலவு வீட்டுக்காரர் தலையிலோ தொழிலாளியின் குடும்பத்தின் தலையிலோ விழுந்தது. 2007 ஜனவரி முதல் சி-39 உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், ஒரு தொழிலாளியும் இல்லை என்றாலும், இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமும் ஆறடி உயரத்துக்கு மேல் வேலை செய்வோருக்கு விழாமல் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்ற விதியில் வீட்டுக் கூரைகளுக்கு அளித்திருந்த தளர்வை 2010 டிசம்பரில் திரும்பப் பெற்றது. வீட்டுக்காரரைக் காக்கப் பிறந்த உரிமம், கூரைமேல் நிற்பவரையும் காக்கும் கருவியாக வளர்ந்தது இப்படித்தான்.

புயலின் பின்னால் வருவோர்

புயலுக்குப் பின் ஆள் பற்றாக்குறை 1667ஐப் போலவே இன்றும் விதியைத் தளர்த்துகிறது. 2017இல் இர்மா, 2022இல் ஐயன் ஆகிய சூறாவளிகளுக்குப் பின், பொது ஒப்பந்தக்காரர்களும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூரை மாற்றலாம் என்று ஃபுளோரிடா அவசர ஆணை பிறப்பித்தது. ஆனால் லண்டனைப் போல வாசலை முழுவதும் திறக்கவில்லை. ஏற்கனவே தேர்வு எழுதி உரிமம் பெற்ற இன்னொரு வகையினருக்கே இடம் கொடுத்தது. கட்டட ஆய்வையும் கைவிடவில்லை.

ஆலங்கட்டி மழை அடிக்கடி பெய்யும் நடு மாநிலங்களில் இடர் வேறு வடிவில் வருகிறது. ஒரு மாலை மழையில் ஊர் முழுக்கக் கூரைகள் அடிபடும். மறுநாள் வெளிமாநில வண்டிகள் தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டும். ஓக்லஹோமா 2010இல் கூரை ஒப்பந்தக்காரர் பதிவுச் சட்டம் இயற்றியது. டெக்சாஸில் உரிமச் சட்டத்துக்கான முயற்சிகள் இதுவரை நிறைவேறவில்லை. அங்கே நகராட்சிப் பதிவும், காப்பீட்டில் வீட்டுக்காரர் செலுத்த வேண்டிய பங்கை ஒப்பந்தக்காரர் தள்ளுபடி செய்யக் கூடாது என்பது போன்ற விதிகளுமே உள்ளன.

உரிமம் பெற்றவர்களாலும் புதிய சிக்கல் வந்தது. ஃபுளோரிடாவில் சில ஒப்பந்தக்காரர்கள் இலவசமாகக் கூரையைப் பார்ப்பதாக வந்து, காப்பீட்டு உரிமையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கி, வழக்கு தொடுப்பதைத் தொழிலாக்கினார்கள். நாட்டின் வீட்டுக் காப்பீட்டு வழக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு மாநிலத்திலேயே குவிந்தன. 2023 ஜனவரி 1 முதல் எடுக்கப்படும் வீட்டுக் காப்பீடுகளில் உரிமையை இப்படி எழுதிக்கொடுப்பதை 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் தடை செய்தது.

எதிர்வாதமும் தீர்ப்பும்

உரிமத்துக்கு எதிரான வாதமும் வலுவானதே. ஆடம் ஸ்மித் சொன்னதை 1962இல் மில்டன் ஃபிரீட்மன் 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' நூலில் விரித்தெழுதினார்: உரிம வாரியங்கள் அந்தத் தொழில்காரர்களின் கைக்கே போய்விடும், போட்டி குறையும், விலை ஏறும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. இன்று கால் பங்கை ஒட்டியோருக்குத் தேவைப்படுகிறது. புதிதாக வந்து குடியேறியவர், பள்ளிப்படிப்பை முடிக்காதவர், ஆனால் கூரைமேல் இருபது ஆண்டு உழைத்தவர் ஆங்கிலத் தேர்வில் தோற்று என்றைக்கும் பிறர் பெயரிலேயே வேலை செய்ய வேண்டியிருப்பது அநீதி. இந்தக் குறைகளுக்குத் தேர்வை எளிய மொழியிலும் பல மொழிகளிலும் நடத்துவதும், வாரியத்தில் பொதுமக்கள் பிரதிநிதிகளைக் கூட்டுவதும் தீர்வாகும். உரிமத்தை எடுத்துவிடுவது தீர்வாகாது. தலைமுடி வெட்டுவது பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கடையை மாற்றலாம். கூரை சரியில்லை என்று தெரியவரும் இரவில் மாற்றிக்கொள்ள நேரம் இருக்காது.

எட்டு நூற்றாண்டு அனுபவம் சொல்வது இதுதான்: உரிமம் மட்டும் கூரையைக் காப்பாற்றியதில்லை. 1992இல் டேட் கவுண்டியில் உரிமம் இருந்தும் கூரைகள் பறந்தன. 2004இல் சார்லட் கவுண்டியில் புதிய கூரைகள் நின்றன. இடையில் மாறியவை ஆணியைப் பற்றிய விதியும், மூடுவதற்கு முன் ஏறிப் பார்க்கும் ஆய்வும். உரிமம் பொறுப்பேற்கும் ஆளை அடையாளம் காட்டுகிறது. விதி வேலையின் அளவைச் சொல்கிறது. ஆய்வு இரண்டையும் இணைக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் காகிதமாகிவிடும். ஆகவே உரிமத் தேர்வுக்குச் செலவிடும் அக்கறையைக் கட்டட ஆய்வாளர்களின் எண்ணிக்கையிலும் ஊதியத்திலும் பயிற்சியிலும் அரசுகள் காட்ட வேண்டும். வீட்டுக்காரரும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிம எண்ணையும் காப்பீட்டுச் சான்றையும் கேட்டு வாங்கி, வாரியத்தில் சரிபார்த்து, கட்டட அனுமதி ஒப்பந்தக்காரர் பெயரிலேயே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.